வேலிக்கம்பி

தேங்காய்த் தண்ணீருக்குள்ளிருந்து கத்தியைத் தூக்கியபோது புளித்த கள்ளின் வாடை குசினி முழுக்கப் பரவியது. சிவனேஸ்வரி முகத்தைச் சுளிக்கவில்லை. ஆறு நாளாக அந்தத் தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் மாற்றி வருபவள் அவள்தான். மோர்டனில் இருந்த தமிழ்க் கடைகளில் தேங்காயை அள்ளி வந்து, பின்வாசல் படியில் வைத்து உடைத்து, தண்ணீரை வடித்து உயரமான பூச்சாடி ஒன்றுக்குள் ஊற்றி, அதற்குள் கத்தியை நிமிர்த்தி வைத்திருந்தாள். உடைத்த தேங்காய் சம்பலாகி, சொதியாகி, மிச்சம் பிறீசருக்குள் கிடந்தது.

கத்தி என்று சொன்னால் அவளுடைய கணவர் நித்தியானந்தனுக்குப் பிடிக்காது. "கத்தி இல்லையப்பா, கெரிஸ்" என்பார். ஜாவாத் தீவின் கொல்லர்கள் செய்த பழைய குத்துவாள். சிலதின் அலகு நேராக இருக்கும், சிலது பாம்பைப் போல நெளியும். அந்த வீட்டில் அப்படி இருபத்துமூன்று இருந்தன. இருபத்திரண்டு, உறையும் பிடியுமாகப் பருத்தித் துணி சுற்றி மேல்மாடி அலுமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. பூச்சாடிக்குள் நின்ற இது ஒன்றுக்குத்தான் உறையும் இல்லை, பிடியும் இல்லை, பார்த்தவர்களிடம் மதிப்பும் இல்லை.

அவள் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நுரையில் பழைய பல்துலக்கும் பிரஷைத் தோய்த்து, அலகின் பதினொரு வளைவுகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பிறகு தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தாள். துரு சேறாக இளகிச் சிங்கில் வடிந்தது. அடியிலிருந்து வெளிறிய, பால் நிறமான இரும்பு தலைகாட்டியது.

"அம்மா, நேர்ஸ் போயிட்டா." மகள் மேனுஷா வாசலில் வந்து நின்றாள். இல்ஃபோர்டில் மருந்தகம் நடத்துபவள். இரண்டு கிழமையாக லீவு போட்டுத் தாயோடு நிற்கிறாள். "இண்டைக்கோ நாளைக்கோ எண்டு சொல்லுறா. கால் குளிரத் தொடங்கிட்டுதாம்."

சிவனேஸ்வரி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "முழிப்பா இருக்கிறாரோ?"

"ஓம். உங்களைத்தான் கேக்கிறார். அது வெள்ளையா வந்திட்டுதோ எண்டு கேக்கச் சொன்னார்."

"வந்திட்டுது எண்டு சொல்லு."

*

இருபது வருடங்களுக்கு முன், சறே பக்கம், கார்களின் பின்பெட்டியில் பழைய சாமான் விற்கும் ஒரு கார் பூட் சேலில், உடைந்த மண்வெட்டிகளுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் நடுவே கிடந்ததை நித்தியானந்தன் கண்டெடுத்து வந்தார். அப்போது அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கெரிஸ் சேர்ப்பவர்கள் மாதத்துக்கு ஒரு முறை லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். அவரும் அந்தச் சங்கத்தில் அங்கத்தவர். அடுத்த வருடம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் முப்பத்தொரு பேருக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

நல்ல கெரிஸின் அலகு வெறும் இரும்பு அல்ல. இரும்பையும் நிக்கல் கலந்த வேறோர் இரும்பையும் மாறி மாறி அடுக்கி, காய்ச்சி, மடித்து, அடித்து, திரும்ப மடித்துச் செய்வார்கள். அந்த மடிப்புகள் உள்ளே கோலமாகக் கிடக்கும். துருவைக் களைந்து, தேசிக்காய்ச் சாற்றில் பாஷாணம் கரைத்த தண்ணீரால் கழுவினால் இரும்பு கறுத்துவிடும். நிக்கல் கறுக்காமல் வெள்ளி போல நிற்கும். கோலம் எழும்பி வரும். அந்தக் கோலத்துக்காகத்தான் உலகம் முழுக்க மனிதர்கள் இந்த இரும்பைத் தேடி அலைகிறார்கள்.

நித்தியானந்தன் இந்த அலகைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்திருந்தார். உள்ளே கோலம் இருக்கிறது என்றார்.

எட்வேட் எழுந்து வந்தார். லூயிஷாமில் இருந்து வருபவர். சங்கத்தில் அவருடைய சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து இரண்டு நிமிடம் பார்த்தார். "நண்பரே, இதற்குள் ஒன்றும் இல்லை. தோட்டத்து வேலிக்கு நல்ல கம்பி" என்றார். மண்டபம் சிரித்தது.

அன்று தொடங்கியது. மூன்று முறை நித்தியானந்தன் கராஜைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து அதைக் கழுவினார். மூன்று முறையும் அது சாம்பல் பூசிய மாதிரி வந்தது, கோலம் இல்லை. ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் கோட்டைப் போட்டுக்கொள்ளும்போது எட்வேட் கேட்பார்: "வேலிக்கம்பி எப்படி இருக்கிறது?" நித்தியானந்தன் சொல்வார்: "நித்திரை. எழும்பும்." பத்தொன்பது வருடமாக இதே கேள்வி, இதே மறுமொழி. இரண்டு பேரும் அதற்குள் நெருங்கிய சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். ஆனால் இரண்டு பேரும் தங்கள் சொல்லிலிருந்து ஓர் அங்குலம் இறங்கவில்லை.

சொந்தக்காரருக்கு இதெல்லாம் பகிடி. அலகின் அடியில் குறுக்கே பொருத்தும் சிறு துண்டுக்கு ஜாவாக்காரர் வைத்த பெயர் கஞ்சா. ஒரு கலியாண வீட்டில் நித்தியானந்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கஞ்சா ஒறிஜினலோ? மாத்தினதெண்டா எனக்கு வேண்டாம்" என்று உரத்துக் கதைத்ததை அவருடைய ஒன்றுவிட்ட தம்பி குகநாதன் கேட்டுவிட்டான். கிழமை முடிவதற்குள் கதை மோர்டனையும் தாண்டிப் போய்விட்டது. கோயிலில் இரண்டு பெண்கள் சிவனேஸ்வரியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

அவளுக்கு அந்த இரும்புகளின் மேல் வெறுப்பு இருந்ததில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது, நஞ்சு இருக்கிறது, கிட்ட வராதை என்று அவர் கராஜ் கதவைப் பூட்டினார். அவள் வளர்ந்த பிறகும் பூட்டினார். பூட்டிய கதவைத் தட்டும் பழக்கம் அவளிடம் இல்லை. ஒரே ஒரு விஷயம் அவர் சொல்லி அவள் மனதில் தங்கியிருந்தது. ஜாவாவில் மாப்பிள்ளை வர முடியாமல் போனால் அவனுடைய கெரிஸை அனுப்பினால் போதுமாம். அதைப் பக்கத்தில் வைத்துக் கலியாணத்தை முடித்துவிடுவார்களாம். "ஆளுக்குப் பதில் அது நிக்கும்" என்றார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் தாயின் செத்த வீட்டுக்குப் போக முடியாமல் லண்டனில் ஒரு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் அவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

*

ஆறு நாளைக்கு முன்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கணையத்தில் தொடங்கிய நோய் ஈரலுக்கும் போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை. தோட்டத்தைப் பார்த்த பின்னறையில் கவுன்சில் கொடுத்த கட்டிலைப் போட்டார்கள். அன்று பின்னேரம் அவர் சொன்னார்:

"இன்னொருக்கா அதைக் கழுவிப் பாத்திருக்கலாம்."

"ஏன் முந்தி வரேல்லை?" சிவனேஸ்வரி அவருடைய தலையணையை உயர்த்திக்கொண்டே, கதைக்க வேண்டுமே என்று கேட்டாள்.

"தெரியேல்லை. எல்லாம் அவங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான். அங்கை வருசத்திலை ஒருக்கா நல்ல வெயிலிலை முத்தத்திலை வைச்சுச் செய்வாங்கள். எனக்கு எங்கை வெயில்? சமறிலை லீவெல்லாம் தேருக்கும் கலியாணத்துக்கும் போயிடும். தையிலையோ மாசியிலையோதான் கிடைக்கும்."

அவள் கை தலையணையில் நின்றுவிட்டது. "மூண்டு தரமும் தை மாசியிலையோ?"

"ஓம்."

"கராஜுக்குள்ளையோ? ஹீற்றர் இல்லாமலோ?"

"தெருப்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைச்சனான். நஞ்சல்லோ, காத்து வேணும். விரலெல்லாம் விறைச்சுப் போச்சு."

சிவனேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டூட்டிங்கில் ஒரு போட்டோக் கடையில் அவள் பதினான்கு வருடம் வேலை செய்தவள். பிலிம் கழுவுவதும் படம் அடிப்பதும் அவள் பொறுப்பு. டிஜிட்டல் வந்து கடையை மூடிய நாளில் முதலாளி அவளுக்கு ஒரு பூங்கொத்துக் கொடுத்தான். அந்தத் தொழில் அதோடு முடிந்தது. பிறகு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்தாள். அவளுக்கு ரசாயனம் தெரியும் என்பது வீட்டில் யாருக்கும் நினைவில் இருக்கவில்லை.

"குளிர்ந்த தண்ணியிலை படம் எழும்பாது" என்றாள்.

அவர் தலையைத் திருப்பினார்.

"டிவலப்பர் முப்பத்தெட்டு டிகிரியிலை நிக்க வேணும். மனுசற்றை உடம்புச் சூடு. ரெண்டு டிகிரி குறைஞ்சாலே நெகட்டிவ் சாம்பலடிச்சுப் போய் வரும். உங்கடையும் சாம்பலாத்தானே வந்தது?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூத்த கண்கள்.

"பூந்திக்கொட்டை எங்கை வாங்கலாம்?" என்றாள் அவள்.

*

வெள்ளையாக வந்த அலகைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது மேனுஷா திரும்பவும் வந்தாள். இந்த முறை அவளுடைய கையில் கராஜிலிருந்து எடுத்த பழுப்புப் போத்தல் இருந்தது. அதில் தகப்பன் தன் கையெழுத்தில் மண்டையோடு வரைந்து ஒட்டியிருந்தார். ஜாவாவில் இருந்த ஒரு சிநேகிதர் கலந்து கொடுத்தது.

"அம்மா, இது ஆர்செனிக். தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்பா உள்ளுக்கை சாகக் கிடக்கிறார். நீங்கள் பக்கத்திலை போய் இருக்க வேண்டிய நேரத்திலை..." மேனுஷா போத்தலை மேசையில் வைத்தாள். "ஒரு கத்தியை வைச்சுத் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். சனம் என்ன சொல்லும் எண்டில்லை. நாளைக்கு உங்களுக்கே கவலையா இருக்கும்."

சிவனேஸ்வரி கையைத் துடைத்தாள். மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பக்கத்திலை இருந்து என்ன செய்ய? ரெண்டு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருக்கவோ? அவருக்கு நான் செய்து குடுக்கக்கூடியது இது ஒண்டுதான் மிச்சம் இருக்கு. அதுவும் எனக்குத் தெரிஞ்ச வேலை." துணியை மடித்து வைத்தாள். "உனக்கும் தெரிஞ்ச வேலைதான். கையுறை எது நல்லது எண்டு சொல்லு."

மேனுஷா போத்தலைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு மேலே போய்த் தடித்த நீலக் கையுறைகளும் முகமூடியும் கண்ணாடியும் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"வெளியிலைதான் செய்ய வேணும். காத்து முதுகிலை படுற மாதிரி நிக்க வேணும். நான் சொன்ன உடனை நிப்பாட்ட வேணும்."

"சரி டொக்டர்" என்றாள் சிவனேஸ்வரி.

"நான் டொக்டர் இல்லை, அம்மா" என்றாள் மேனுஷா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

*

இரண்டு மணிக்கு எட்வேட் வந்தார். எண்பத்தொரு வயது. விடைபெற்றுப் போவதற்கென்றே வந்திருந்தார். அதற்கேற்ற சூட்டும் டையும் அணிந்திருந்தார். தோட்டக் கதவு அகலத் திறந்திருப்பதையும், கட்டில் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருப்பதையும், புல்லில் ஒரு மேசை போட்டு இரண்டு பெண்கள் சத்திரசிகிச்சைக்குத் தயாராவது போல நிற்பதையும் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"என்ன நடக்கிறது?"

நித்தியானந்தன் கட்டிலிலிருந்து விரலை அசைத்தார். "வேலிக்கம்பி எழும்பப் போகுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் காற்றாகத்தான் வந்தது.

எட்வேட் உள்ளே வந்தார். கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாகப் போகிறவரின் ஆசை இப்படித் தோற்றுப் போவதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது. சிவனேஸ்வரி அதைக் கவனித்தாள். அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

ஆனி மாத வெயில் நன்றாக ஏறியிருந்தது. நீளமான பூச்செடித் தட்டொன்றில் சுடுதண்ணீர். அதற்குள் மிதந்த சின்னத் தட்டில் பாஷாணத் தண்ணீர். போட்டோக் கடையை மூடிய நாளில் அவள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த வெப்பமானி அதற்குள் நின்றது. அவள் தூரிகையைத் தோய்த்து அலகின் மேல் ஒரு முறை இழுத்தாள். திருப்பினாள். இழுத்தாள். கழுவினாள். தேசிக்காய். திரும்பவும் தூரிகை.

சாம்பல் நிறம் வந்தது. சாம்பலாகவே நின்றது.

நான்காவது முறையும் அப்படித்தான். எட்வேட் குனிந்து தன் சப்பாத்துகளைப் பார்த்தார். மேனுஷா மெல்ல, "அம்மா" என்றாள்.

"முப்பத்திரண்டுக்கு இறங்கிட்டுது" என்றாள் சிவனேஸ்வரி. "கேத்திலைக் கொண்டு வா."

சுடுதண்ணீரை வெளித்தட்டில் ஊற்றினாள். முப்பத்துநான்கு. முப்பத்தாறு. அவள் அவசரப்படவில்லை. இருட்டறையில் நின்று பழகியவளுக்குக் காத்திருப்பதும் வேலையின் பாதிதான். முப்பத்தெட்டு வந்ததும் அலகையும் கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்து, அதுவும் சூடேறிய பிறகு தூரிகையை எடுத்தாள்.

முதலில் அடிப்பக்கத்தில் மயிர் போல ஒரு கோடு வந்தது. அவள் கண்ணாடியில் தூசியாக்கும் என்று நினைத்தாள். அடுத்த இழுப்பில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஐந்து, பிறகு எண்ண முடியவில்லை. சுற்றியிருந்த இரும்பு கறுக்கக் கறுக்க, வெள்ளிக் கோடுகள் அடியிலிருந்து கிளம்பி, ஒன்றையொன்று தொடாமல், அலகு வளைந்த இடமெல்லாம் தாங்களும் வளைந்து, பதினொரு வளைவையும் கடந்து நுனி வரைக்கும் ஓடின. ஒரு இடத்திலும் அறவில்லை.

மேனுஷா முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை.

சிவனேஸ்வரி அதை மூன்று தண்ணீரில் கழுவினாள். துடைத்தாள். சந்தன எண்ணெய் பூசினாள். கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வெள்ளைத் துணியில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கட்டிலடிக்குக் கொண்டுபோனாள்.

நித்தியானந்தன் பார்த்தார். மூச்சை நிறுத்திவிட்டாரோ என்று அவளுக்குப் பயம் வந்தது. அவர் வலது கையை உயர்த்தப் பார்த்தார், ஏலவில்லை. அவள் அந்தக் கையை எடுத்து அலகின் மேல் வைத்தாள். விரல் அடியிலிருந்து நுனிக்கு, மிக மெதுவாகப் போனது.

"எட்வேட்" என்றார்.

எட்வேட் கோட்டுப் பைக்குள்ளிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். அலகின் ஒரு பக்கத்தை முழுக்கப் பார்த்தார். திருப்பி மற்றப் பக்கத்தையும் பார்த்தார். அவர் நிமிர நெடுநேரம் எடுத்தது.

"ஓடும் நீர்" என்றார். "ஜாவாவில் இந்தக் கோலத்தை அப்படித்தான் சொல்வார்கள். இவ்வளவு சுத்தமாக நான் நூதனசாலைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்ததில்லை." கண்ணாடியை மடித்தார். "நித்தி, வேலிக்கு நான் வேறு கம்பி தேட வேண்டும்."

நித்தியானந்தன் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. இரண்டு மாதமாக அவர் சிரித்து வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

"சங்கத்திலை சொல்ல வேணும்" என்றார். "எல்லாருக்கும் முன்னாலை."

"சொல்வேன்."

"எழும்பி நிண்டு."

"எழுந்து நின்று" என்றார் எட்வேட்.

*

மேனுஷா எட்வேட்டைக் குசினிக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பின்னறையில் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். சிவனேஸ்வரி மிஞ்சிய தேசிக்காயைப் பிழிந்து, சீனி கரைத்து, பஞ்சில் தோய்த்து அவருடைய உதட்டை நனைத்தாள். அவர் நாக்கை நீட்டி இன்னும் கேட்டார்.

அலகு அவருக்குப் பக்கத்தில், துணியில் கிடந்தது. வெயில் அதில் பட்டுக் கூரையில் ஒரு நீண்ட நெளிவான வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேர்" என்றார்.

"சொல்லுங்கோ."

"இவ்வளவு காலமும் உம்மட்டைக் கேட்டிருக்கலாம்."

அவள் பஞ்சைத் திரும்பவும் தோய்த்தாள். பிழிந்தாள்.

"கேட்டிருக்கலாம்தான்" என்றாள்.

அவர் கண்ணை மூடவில்லை. அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார். வெளியே யாரோ புல்லு வெட்டினார்கள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஐந்தேகாலுக்குச் சற்றுப் பின்னால் அவள் ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, மகளைக் கூப்பிடாமல், அவருடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, புல்லு வெட்டும் மெஷின் நிற்கும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

முதலில் வந்து சேர்ந்தவன் குகநாதன். ஷிப்டிலிருந்து நேராக வந்தான். அண்ணனின் காலடியில் நின்று அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கட்டிலில் கிடந்த அலகைக் கண்டுவிட்டான்.

"அண்ணி, முதல்லை இந்தக் கத்தியை எடுத்து உள்ளை வையுங்கோ. சனம் வரப்போகுது. செத்த வீட்டிலை ஆயுதம் கிடந்தா என்ன கதைப்பினம்?"

"அது அங்கைதான் கிடக்கும்" என்றாள் சிவனேஸ்வரி.

அந்தக் குரலை அவன் முன்பு கேட்டதில்லை.

"கையைத் துடைச்சிட்டுக் கிட்ட வந்து பாரும். சனம் வந்தா அவையும் பாக்கட்டும்."

குகநாதன் காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. வெள்ளிக் கோடுகள் ஓடிய வழியே அவனுடைய தலையும் மெல்ல அசைந்து போனது. கடைசியில், அடியில் குறுக்கே இருந்த துண்டை விரலால் காட்டி, மிகத் தணிந்த குரலில் கேட்டான்:

"இதுதானோ அண்ணி... அந்தக் கஞ்சா?"

"ஓம். ஒறிஜினல்" என்றாள் அவள்.

அவன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

*

பத்தாம் நாள்தான் உடல் கிடைத்துக் கிரியை நடந்தது. மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் குத்துவிளக்கும் படமும், படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் அலகும். ஐயர் அதை ஒரு தரம் பார்த்தார், சிவனேஸ்வரியை ஒரு தரம் பார்த்தார், பூவை எடுத்து அதற்கும் வைத்தார்.

தேவாரம் முடிந்தது. பஸ் டிப்போவிலிருந்து ஒருவர் பேசினார். பிறகு எட்வேட் எழுந்தார். கையில் கடதாசி இல்லை.

"பத்தொன்பது வருடங்களுக்கு முன், இந்த அலகில் ஒன்றும் இல்லை, தோட்டத்து வேலிக்குத்தான் நல்லது என்று முப்பத்தொரு பேர் முன்னால் நான் சொன்னேன்" என்றார். மேனுஷா பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்த முப்பத்தொரு பேரில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் பதினொரு பேர். இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். மற்ற ஒன்பது பேரையும் கூட்டி வந்திருக்கிறேன். தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்."

பின்வரிசையில் எட்டுக் கிழவர்களும் கிழவிகளும் தடியையும் கதிரை முதுகையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒன்பதாவது ஆளான, சக்கர நாற்காலியில் வந்திருந்த மூதாட்டி, ஏலாதபடியால், கையை உயர்த்தினாள்.

"நான் பிழை" என்றார் எட்வேட். "நித்தியானந்தன் சரி. அவர் விரலால் கண்டதை நான் கண்ணாடி வைத்தும் காணவில்லை. அதை வெளியே கொண்டுவந்தவர் திருமதி நித்தியானந்தன். எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் அது தெரியாது."

மேனுஷா கடைசி வசனத்தைத் தமிழில் இரண்டு முறை சொன்னாள்.

செத்த வீட்டில் கை தட்டுவதில்லை. யாரும் தட்டவில்லை. ஆனால் அத்தனை தலைகளும் முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்தவளின் பக்கம் திரும்பின. கோயிலில் கையைப் பிடித்து ஆறுதல் சொன்ன இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள். சிவனேஸ்வரி தலையைக் குனியவில்லை.

பெட்டியைச் சுற்றி வந்து பூப்போட்டவர்கள் படத்துக்கு முன்னாலும் நின்றார்கள். வரிசை நகரவில்லை. மயானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அடக்கம் செய்யும் கொம்பனிக்காரர் வந்து இரண்டு முறை சொன்னார். குகநாதன் வரிசையின் ஓரத்தில் நின்று, ஒவ்வொருவருக்கும், "கை வைக்காதேங்கோ, குனிஞ்சு பாருங்கோ, அடியிலையிருந்து நுனி மட்டும் அறாமல் ஓடுது பாருங்கோ" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

மின்மயானத்திலிருந்து வந்து குளித்து, எல்லோரும் சாப்பிட்டு முடிய நாலு மணி ஆகிவிட்டது. வீட்டில் நெருங்கிய சனம் மட்டும் இருந்தது. எட்வேட் குசினி மேசையில், கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் சோறுமாகத் தட்டை முடித்துவிட்டு, போகாமல் உட்கார்ந்திருந்தார். சிவனேஸ்வரி தன் தட்டோடு வந்து அவருக்கு எதிரே அமர்ந்தாள்.

அவர் தன் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து, தட்டுகளுக்கு நடுவே மேசையில் வைத்தார். பெண்கள் தலையில் கட்டும் பச்சைப் பட்டுத்துணி. நிறம் மங்கிப் போயிருந்தது. நீளமாக, நெளிவாக எதையோ சுற்றி, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். அவர் அவளைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

யன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

சிவனேஸ்வரி தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதலாவது முடிச்சை அவிழ்த்தாள்.